கில்லீன் என்றால் காடு அல்ல

மேயோ, அயர்லாந்து
4 பிப்ரவரி 2024

லாவண்யாவுக்கு,

நான் அம்மாவோடு போனில் பேசும் நேரமெல்லாம் உனக்குத் துணி துவைக்கிற வேலை வந்துவிடுகிறது. பின்னால் வாளிச் சத்தம் கேட்கிறது. சரி, பேச வேண்டாம். ஆனால் இது நம் சண்டையைப் பற்றியது இல்லை. உன் ஆபீஸ் செய்திருக்கும் தப்பைப் பற்றியது. படித்துவிடு.

நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போன வாரம் நூலகத்திலிருந்து ஒரு பெண் டேப்லெட்டோடு வந்தாள். இந்தப் பக்கத்துப் பழைய வரைபடங்களைக் கணினியில் ஏற்றுகிறார்களாம். ஒவ்வொரு வயலுக்கும் மேட்டுக்கும் ஓடைக்கும் கேலிக் மொழியில் என்ன பெயர், அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று சேர்க்கிறார்களாம். இன்னும் முழுசாக முடியவில்லை, பெரியவர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்கிறோம் என்றாள். எல்லோரும் அவரவர் ஊரைத் தேடிக் கண்டுபிடித்துச் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள், பிரிஜெட்டைத் தவிர.

பிரிஜெட்டுக்கு எண்பத்தேழு வயது. கேலிக்கிலேயே பேசி வளர்ந்தவர். என்னிடம் இங்கிலீஷில் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கேலிக். அவர் பிறந்த ஊரில் ஒரு வயலின் மூலைக்குக் கில்லீன் என்று பெயர். அதை விரலால் தொட்டதும் ‘சிறு காடு’ என்று வந்தது. டேப்லெட்டைத் தள்ளிவிட்டார். விழுந்து கண்ணாடி கீறிப்போயிற்று. “காடாம்! எவன் சொன்னான் அது காடுன்னு?” என்று கத்தினார். அன்று சாப்பாட்டையும் தொடவில்லை.

அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கூட வேலை செய்யும் உள்ளூர்ப் பெண்கள்தான் சொன்னார்கள். ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்னால் இறந்துபோன குழந்தையைச் சர்ச் கல்லறையில் சேர்க்க மாட்டார்களாம் அந்தக் காலத்தில். ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு மூலையில் புதைப்பார்களாம். அந்த மாதிரி இடத்துக்குப் பெயர்தான் கில்லீன்.

வரைபடத்தின் அடியில் பொடி எழுத்தில் உங்கள் கம்பெனி பெயர், வைட்ஃபீல்ட், பெங்களூர் என்று இருந்தது. எவன் சொன்னான் என்று எனக்கும் தெரிய வேண்டும்.

மாற்றிவிட்டு எழுது.

பாமா


பொம்மனஹள்ளி
11 பிப்ரவரி 2024

அக்கா,

எவனும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். போன ஆகஸ்டில் நான் போட்ட பதிவு அது. தேடிப் பார்த்தேன், என் பெயர்தான் இருக்கிறது. திருப்தியா?

நான் ஒன்றும் மனம்போன போக்கில் எழுதவில்லை. கில்லீன் என்ற எழுத்துக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று சிறு காடு. மற்றது சிறு கோயில், அதிலிருந்து வந்த புதைகாடு. வரைபடத்தை வரைந்த ஆங்கிலேய சர்வேயர்களுக்குக் கேலிக் தெரியாது. இரண்டு வேறு வார்த்தையையும் காதில் விழுந்தபடி ஒரே மாதிரி எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் எங்களுக்கு ஒரு விதி கொடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் மரக்குறி வரைந்திருந்தால் காடு, இல்லாவிட்டால் கோயில். உன் பிரிஜெட்டின் மூலையில் குட்டி குட்டியாக மரம் போட்டிருக்கிறது. காடு என்று எழுதினேன். ஒரு நாளைக்கு நூறு பெயருக்குமேல் முடிக்க வேண்டும். நான் அயர்லாந்தைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்திருக்கலாம். ஏன் பார்க்கவில்லை என்று உனக்குத் தெரியும்.

டப்ளினில் உட்கார்ந்து இதே வேலையைச் செய்ய எனக்கு ஒரு வருஷ வாய்ப்புக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆன மாதம் அது. நீ போனில் என்ன சொன்னாய்? “உனக்குத் தனியா கிளம்புற தைரியம் இல்ல, அம்மாவ சாக்கு சொல்றே.” ஏழு மாதமாக ஆபீஸ் பஸ்ஸில் சில்க்போர்டு சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அந்த வார்த்தை காதில் கேட்கிறது. அந்த சிக்னலில் தினமும் நிற்க வேண்டியிருக்கிறது.

மாற்ற வேண்டுமென்றால் இரண்டு பேர் சாட்சி வேண்டும். ஊர்க்காரர் ஒருவரின் குரல் பதிவு, அந்த நிலத்தோடு சம்பந்தப்பட்ட இன்னொருவரின் எழுத்து. மார்ச் கடைசிக்குள் வர வேண்டும். முதல் பதிப்பு அதற்குப் பிறகு வெளியாகிவிடும். நர்ஸம்மா கோபப்பட்டார் என்றெல்லாம் அங்கே எழுத முடியாது.

லாவண்யா


மேயோ
20 பிப்ரவரி 2024

லாவண்யாவுக்கு,

நீ எழுதியதைப் பிரிஜெட்டிடம் இங்கிலீஷில் சொன்னேன், சில்க்போர்டு தவிர. மரக்குறி என்றதும் ஒரு மாதிரி சிரித்தார். “அது முள்மரம். நாங்க யாரும் வெட்ட மாட்டோம். ஏன் வெட்ட மாட்டோம்னு அந்தப் பொண்ணுக்குப் புரியுதா?”

எனக்குப் புரிந்தது. அடியில் பிள்ளைகள் இருப்பதால் ஊரில் யாரும் மரத்தில் கை வைக்கவில்லை. மரம் நின்றது. மரம் நின்றதால் நீ காடு என்று எழுதினாய்.

இரண்டு வார்த்தையையும் எனக்குச் சொல்லிக் காட்டினார். ஒன்றில் ‘க’ நாக்கு நுனிப் பக்கம் வருகிறது, மற்றதில் தொண்டைக்குள் போகிறது. நான் சொன்னால் இரண்டும் ஒன்றாகத்தான் வருகிறது. “உன் காதுல பஞ்சா?” என்று திட்டினார். பல்லிக்கும் பள்ளிக்கும் வித்தியாசம் தெரியாமல் தமிழ் தெரியாதவர்கள் முழிப்பார்களே, அந்த நிலைமை எனக்கு.

குரல் பதிவு என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எங்கம்மா சாகுற வரைக்கும் வாய் திறந்து சொல்லல. நான் போய் மிஷின்ல சொல்லணுமா?” முடியாதென்று சொல்லிவிட்டார்.

இன்னொரு விஷயம். அந்த வயல் இப்போது சிரில் என்பவருக்குச் சொந்தம். ஆறேழு மாட்டை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறார். ஊசியிலை மரம் நடும் கம்பெனி ஒன்றுக்கு வயலைக் குத்தகைக்கு விடப் போகிறார். இங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். கம்பெனிக்காரன் விண்ணப்பத்தோடு உங்கள் வரைபடத்தையும் இணைத்திருக்கிறானாம். ‘பழங்காலத்திலேயே காடாக இருந்த இடம்’ என்று எழுதியிருக்கிறானாம். வசந்தத்தில் மிஷின் இறக்கிக் கிளறுவார்கள்.

இப்போது உனக்கு அவசரம் புரிகிறதா? விதியைப் படித்துக் காட்டாதே. ஏதாவது செய்.

பாமா


பொம்மனஹள்ளி
3 மார்ச் 2024

அக்கா,

செய்தேன். என்ன ஆயிற்று என்று கேள்.

எங்கள் டீம் லீட் ஸ்ரீஹர்ஷாவிடம் போனேன். நல்லவன்தான், ஆனால் தேதி நெருங்கினால் அவனுக்குக் காது கேட்காது. “லாவண்யா, ஒரு ஊர்ல ஒரு மூலை. நம்மகிட்ட நாப்பதாயிரம் பேர் இருக்கு. சும்னே எதுக்கு தலைநோவு?” என்றான். அங்கே யார் இருக்கிறார்கள் என்று விளக்கினேன். சங்கடப்பட்டான். பிறகு, “சோர்ஸ் கொண்டு வா, நானே சைன் பண்றேன்” என்றான். அவனைத் தாண்டி டப்ளின் ஆபீஸுக்கே நேரடியாக எழுதினேன். ‘ஆதாரம் இணைக்கப்படவில்லை’ என்று இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எழுதினேன். அதே பதில். ஸ்ரீஹர்ஷா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டே அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பிரிஜெட், முள்மரம், சர்ச்சில் சேர்க்காத பிள்ளைகள், எல்லாம். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். டிவியை அணைத்தாள். சீரியல் ஓடும்போது அம்மா டிவியை அணைத்து நீ பார்த்திருக்கிறாயா?

“நம்மளுதும் ஒண்ணு அப்பிடித்தான் இருக்கு” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. யாருது என்றேன்.

“பாமாவுக்கு முன்னாடி. பொண்ணு. பொறந்து அழவே இல்ல. வாணியம்பாடியிலேர்ந்து இங்க வந்த புதுசு, எனக்கு ஒருத்தரையும் தெரியாது. உங்கப்பா துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போனாரு. ஓசூர் ரோட்டுக்கு அந்தாண்ட ஏரிக்கரை. நம்ம லைன் வீட்டுப் பொம்பளைங்க அத புள்ளமேடுன்னு சொல்லுவாங்க. என்னைக் கூட்டிட்டுப் போகல. பச்ச ஒடம்புக்காரி வரக்கூடாதுன்னுட்டாங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு நறுக்கிய காயை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். “ஏம்மா இத்தன வருஷமா சொல்லல?” என்றேன். “நீங்க கேக்கல” என்றாள்.

இதை உனக்குப் போனில் சொல்லியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

அன்று ராத்திரியே பழைய பெங்களூர் வரைபடங்களைத் தேடினேன். அந்த இடத்தில் ஏரி இருக்கிறது, சர்வே எண் இருக்கிறது. புள்ளமேடு என்று எதிலும் இல்லை. தப்பாக எழுதக்கூட அங்கே யாரும் இருந்திருக்கவில்லை.

லாவண்யா


மேயோ
9 மார்ச் 2024

லாவண்யா,

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் காலை ஷிஃப்ட். உடுப்பு மாற்றும் அறையில் நின்று படித்தேன். இத்தனை வருஷமாக ‘நீ மூத்தவ, நீதான் பாத்துக்கணும்’ என்று என் தலையில் ஏற்றினார்கள். மூத்தவள் நான் இல்லை.

அம்மாவின் மேல் கோபம் வருகிறது. உன் மேலும் வருகிறது. என்னிடம் சொல்லாமல் உன்னிடம் சொல்லியிருக்கிறாளே என்று. நான் போனில் கேட்பதெல்லாம் மாத்திரை போட்டாயா, சுகர் எவ்வளவு என்பதுதான். அவரைக்காய் நறுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தவள் நீ. யாரைக் குற்றம் சொல்ல?

பிரிஜெட்டுக்குத் தலை வாரிவிடும்போது ஒரே இடத்தையே வாரிக்கொண்டிருந்தேன் போல. என்ன என்று கேட்டார். அழக்கூடாது என்றுதான் நினைத்தேன். சொல்லிவிட்டேன். துண்டில் சுற்றியது, ஏரிக்கரை, அம்மாவை வர விடாதது.

என் கையிலிருந்து சீப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “உங்கம்மா சொன்னாளா? வாயைத் திறந்து சொன்னாளா?” என்றார்.

“சொன்னாங்க. தங்கச்சிகிட்ட.”

“அந்த மிஷினை எடு.”

இணைத்திருக்கிறேன், கேள். முதலில் கேலிக்கில் சொல்கிறார், பிறகு இங்கிலீஷில். நடுவில் ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் கேட்பார். அதை வெட்டிவிடாதே.

பாமா


பொம்மனஹள்ளி
16 மார்ச் 2024

அக்கா,

ஆபீஸ் பஸ்ஸில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு கேட்டேன். ஏழு வயதுப் பெண், மண்வெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு அப்பாவின் பின்னால் நடக்கிறாள். அப்பா கையில் மரப்பெட்டி, உள்ளே தம்பி. அம்மா வாசற்படியில் நிற்கிறாள், அதைத் தாண்டக்கூடாது அவள். முள்மரத்தடியில் அப்பா தோண்டுகிறார். வேலை முடிந்ததும், “வீட்டுல இதப் பத்திப் பேசக்கூடாது” என்கிறார். அவரும் பேசவில்லை, இந்தப் பெண்ணும் பேசவில்லை. எண்பது வருஷம்.

பக்கத்து சீட் பெண் என் கையைத் தொட்டு, “ஆர் யூ ஓகே?” என்றாள். தலையாட்டினேன்.

ஸ்ரீஹர்ஷாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டான். தண்ணீர் கேட்கும் இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். சரி, இனிமேல் நடக்கும் என்று நினைத்தேன். “ஒண்ணு ஆச்சு. இன்னொண்ணு?” என்றான்.

கத்திவிட்டேன் அக்கா. மொத்த தளமும் திரும்பிப் பார்த்தது. “எண்பது வருஷம் வாயத் திறக்காத ஒருத்தங்க திறந்திருக்காங்க. இன்னொருத்தர் எங்கேர்ந்து வருவாங்க? செத்தவங்களக் கேக்கவா?” என்றேன். அவன் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. “நீயே யோசி. நாளைக்கு எவனோ ஒருத்தன் ஒரு ஆடியோ அனுப்பி கோயில காடுன்னு மாத்தச் சொன்னா?” என்று கேட்டான். இரண்டு சாட்சி விதி வேண்டும் என்று ஆரம்பத்தில் மீட்டிங்கில் பேசியவர்களில் நானும் ஒருத்தி.

நிலத்துக்காரர் சிரில் இருக்கிறாரே, அவர் எழுதித் தந்தால் போதும். தருவாரா? அவருக்கு நஷ்டம் வரும் விஷயத்தில் எதற்குத் தருவார்? தெரிந்தே கேட்கிறேன். வேறு வழி இல்லை. இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது.

அம்மா தினமும் சாயங்காலம், “அந்த அம்மா எப்பிடி இருக்காங்க?” என்று கேட்கிறாள். பெயர் வாயில் நுழையவில்லை. ‘பிரிச்சு’ என்கிறாள்.

லாவண்யா


மேயோ
25 மார்ச் 2024

லாவண்யா,

முதலில் சிரிலின் வீட்டுக்கு நானே போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி மழையில் நடந்தேன். கதவைப் பாதி திறந்தார். அறுபது வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னேன். “எனக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க யாரு, எங்கேர்ந்து வந்திருக்கீங்க?” என்றார். இந்தியா என்றேன். “அப்போ உங்களுக்கு இதுல என்ன?” கதவு மூடிவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸும் இல்லை. அந்த ஒரு மணிநேரம் உன்னையும் உன் விதியையும் நான் திட்டிய திட்டு உனக்குப் புரைக்கேறியிருக்கும்.

பிரிஜெட்டிடம் சொன்னேன். “அவனைக் கூப்பிடு. சின்ன வயசுல எங்க வீட்டுல ரொட்டி தின்னவன்” என்றார். போன் செய்தேன். வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு கட்டிலருகே நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

பிரிஜெட் சுற்றிவளைக்கவில்லை. “சிரில், அந்த மூலைல உங்கப்பா கலப்பை விட்டாரா?”

“இல்ல.”

“ஏன்?”

அவர் தொப்பியை மறுபடி திருகினார்.

“அங்க மிஷின ஓட்டப் போறது நீயா, இல்ல கம்பெனிக்காரன் ஓட்டுறத நீ ஜன்னல் வழியா பாக்கப் போறியா?”

எனக்கே உடம்பு கூசியது. அவர் கழுத்தெல்லாம் சிவந்துபோயிற்று. கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார். “எனக்குத் தெரியும். அன்னைக்கும் தெரியும். தெரியாதுன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு.”

ஒரு தாள் கேட்டார். என் ரிப்போர்ட் பேடிலிருந்து கிழித்துக் கொடுத்தேன். அந்த மூலைக்குப் பெயர் கில்லீன், அது பிள்ளைகளைப் புதைத்த இடம், தன் அப்பாவும் தாத்தாவும் அங்கே உழுததில்லை, மரம் வெட்டியதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். படம் எடுத்து இணைத்திருக்கிறேன். வயலுக்குள் போக வழியே அந்த மூலைதான் என்பதால் குத்தகையும் போயிற்று. கம்பெனிக்காரனிடம் அவரே சொல்லிவிட்டாராம். போகும்போது பிரிஜெட்டின் கையைப் பிடிக்க வந்தார், பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இனி உன் கையில்.

டப்ளின் விஷயத்தில் நான் சொன்னது தப்பு. தைரியம் இல்லாமல் கிளம்பியவள் நான்தான். அப்பா போன பிறகு அந்த வீட்டில் உட்கார முடியாமல்தான் கிளம்பினேன். அங்கே உட்கார்ந்தவள் நீ.

பாமா


பொம்மனஹள்ளி
14 ஏப்ரல் 2024

அக்கா,

புத்தாண்டு வாழ்த்துகள். அம்மா வேப்பம்பூப் பச்சடி செய்து, உன் பங்கு என்று ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்து, கடைசியில் என்னையே சாப்பிட வைத்தாள்.

பதில் வந்துவிட்டது. திருத்தம் ஏற்கப்பட்டது. பார்த்ததும் நான் சீட்டை விட்டு எழுந்துவிட்டேன். ஸ்ரீஹர்ஷா, “பொறு, முழுசாப் படி” என்றான். முதல் பதிப்பை ஏற்கனவே மூடிவிட்டார்களாம். திருத்தம் டிசம்பரில் அடுத்த பதிப்போடுதான் வருமாம். நாம் தேதிக்குள் கொடுத்தோம், அவர்கள் மெதுவாகப் பார்த்தார்கள். சண்டை போட்டேன், ஸ்ரீஹர்ஷாவும் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே டிசம்பர் வரைக்கும் உலகத்துக்கு அது சிறு காடு. பிரிஜெட்டிடம் இதை எப்படிச் சொல்வாய் என்று தெரியவில்லை. மண்ணைக் கிளற மாட்டார்கள் என்பதை முதலில் சொல். மற்றதைப் பிறகு சொல்.

என்னை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அமெரிக்காவின் பெட்ரோல் பங்குகளைக் குறிக்க வேண்டும். யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள் என்று ஸ்ரீஹர்ஷா சொன்னான். தமாஷ் செய்கிறானாம்.

அந்தக் கடுப்பில்தான் இன்று அம்மாவிடம், “புள்ளமேடு எங்கேன்னு காட்டும்மா, போலாம்” என்றேன். முட்டி வலிக்கிறது என்று சொல்லவில்லை. உடனே புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். ஆட்டோவில் போனோம். “இங்க ஒரு புளியமரம் இருக்கும்” என்று அம்மா தலையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். மரம் இல்லை, மேம்பாலத் தூண் இருக்கிறது. ஏரியும் இல்லை. கார் ரிப்பேர் செய்யும் பெரிய கடை, காம்பவுண்டு சுவர், உள்ளே வரிசையாக வண்டிகள். மூன்று தடவை ஆட்டோவைத் திருப்பச் சொன்னாள். நான் இறங்கிவிடலாமா, திரும்பிவிடலாமா என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவே இறங்கினாள். வாக்கரை ஊன்றிக்கொண்டு கேட்டுக்குள் நேரே நடந்தாள். செக்யூரிட்டி ஓடி வந்தார். சட்டையில் கிருஷ்ணப்பா என்று தைத்திருந்தது. “ஏனு பேக்கம்மா, என்ன வேணும்? யாரப் பாக்கணும்? சர்வீஸ் கவுண்டர் அந்தப் பக்கம்” என்றார்.

அம்மா நிற்கவில்லை. “யாரையும் பாக்க வேணாம்பா. எம் பொண்ணு ஒண்ணு இங்க இருக்கு” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வது? “ரொம்ப முன்னாடி. இங்க ஏரி இருந்தப்ப. குழந்தை” என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய்த் தன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து சுவரோரம் போட்டார். அம்மா நிழலில் உட்காரட்டும் என்று, அங்கே நின்ற காரை எடுக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் கன்னடத்தில் சத்தம் போட்டார். அம்மா உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெண்டுத் தரையில் பாதத்தை வைத்துக்கொண்டாள். அழவில்லை. வெயில் சுவருக்கு மேலே ஏறும்வரைக்கும் அப்படியே இருந்தாள்.

எழுந்திருக்கும்போது, “பாமா இத பாக்கலையே” என்றாள்.

டிசம்பரில் உனக்கு லீவு கிடைக்குமா? அம்மா கேட்கச் சொன்னாள். நானும்தான் கேட்கிறேன்.

லாவண்யா